ஃபர்ம்வேர் வெளியிடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸின் மையநிரலான கெர்னலை அப்டேட் செய்து ரீபூட் செய்கிறோம். நேற்றுவரை சரியாக ஓடிய கிராபிக்ஸ் திணறுகிறது. வன்பொருளில் பழுது எதுவும் இல்லை. வன்பொருளை இயக்கும் புதிய டிரைவர் கேட்கும் ஃபர்ம்வேர் கோப்பு, அதாவது அந்த வன்பொருளுக்குள் ஏறி ஓடும் நிரல், வட்டில் இல்லை, அவ்வளவுதான். லினக்ஸ் பயனருக்கு இப்படி நேர்ந்தால் அதற்குப் பெரும்பாலும் காரணம் அவர் அல்ல. ஃபர்ம்வேரையும் டிரைவரையும் வெளியிட்டவர்கள்தான்.

2022-இல் இது பெரிய அளவில் நடக்கப் பார்த்தது. இன்டெலின் ஆல்டர் லேக் பி லேப்டாப் சிப்களில் கிராபிக்ஸ் வேலைகளை வரிசைப்படுத்துவது ஜியூசி என்ற சிறு கண்ட்ரோலர். அதற்கு 69-ஆம் பதிப்பு ஃபர்ம்வேர் போதும் என்றிருந்த நிலையில், கெர்னல் 5.19-க்கான டிரைவர் 70-ஐ மட்டுமே ஏற்கும்படி மாறியது. கிராபிக்ஸ் பகுதியின் பராமரிப்பாளர் டேவ் ஏர்லி இதை ஏற்கவில்லை. 69-ஐயும் ஏற்கும் திருத்தம் வந்தது. ஃபர்ம்வேரை எப்படி வெளியிட வேண்டும் என்ற வழிகாட்டியும் கெர்னல் ஆவணத்தில் சேர்ந்தது.

கெர்னலும் ஃபர்ம்வேரும் எப்போதும் ஜோடியாகவே வந்து சேரும் என்று நினைப்பதுதான் எல்லாத் தவறுகளுக்கும் வேர். இரண்டும் தனித்தனிக் களஞ்சியங்கள், தனித்தனிப் பொதிகள். பழைய டிஸ்ட்ரோவில் (உபுண்டு போன்ற லினக்ஸ் தொகுப்பு) புதிய கெர்னலை மட்டும் போட்டுக்கொள்பவர் இருக்கிறார். புதிய ஃபர்ம்வேர் வந்தபிறகும் பூட் ஆகும்போது வரும் க்ரப் மெனுவில் பழைய கெர்னலை வைத்திருப்பவரும் இருக்கிறார். புதியது பூட் ஆகாவிட்டால் அவருக்கு அந்தப் பழைய கெர்னல்தான் கதி. ஃபர்ம்வேர் அப்டேட் அதையும் உடைத்துவிட்டால் திரும்பிப் போக வழியே இல்லை. ஆகவே புதிய கெர்னல் பழைய ஃபர்ம்வேரோடும், பழைய கெர்னல் புதிய ஃபர்ம்வேரோடும் வேலை செய்தாக வேண்டும்.

அடுத்தது கோப்பின் பெயர். சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் பாதிப் பிரச்சினை இங்கேதான். முழுப் பதிப்பு எண்ணையும் பெயரில் போட்டுவிட்டால், ஒரு சிறு பிழைதிருத்தத்துக்குக்கூட டிரைவரை மாற்ற வேண்டும். பழைய கெர்னலில் இருப்பவருக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேராது. எண்ணே இல்லாமல் விட்டால், டிரைவரோடு பேசும் முறை மாறிய புதிய கோப்பு பழையதன்மேல் வந்து உட்கார்ந்து பழைய கெர்னலை முடக்கிவிடும். வழிகாட்டி சொல்வது எளிது: பெயரில் மேஜர் எண் (70.1 என்றால் 70) மட்டும், மைனர் எண் (அதில் 1) கோப்பின் தலைப்பகுதிக்குள். பேசும் முறை மாறினால் மேஜர் எண் ஏற வேண்டும், அப்போதும் டிரைவர் பழைய மேஜரைக் கைவிடக் கூடாது. மைனர் மாற்றத்தில் புதிய வசதி வரலாம். அது இல்லாமல் புதிய கெர்னல் ஓடாது என்ற நிலை மட்டும் வரக் கூடாது.

இன்டெல் வைஃபை டிரைவரைப் பாருங்கள். தனக்குத் தெரிந்த மிகப் புதிய எண்ணுள்ள கோப்பை முதலில் கேட்கும், இல்லையென்றால் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும். கெர்னலின் செய்திகள் பதிவாகும் டிமெசேஜ் லாகில் "எரர் -2" என்று வரிசையாகத் தெரிவதைப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். அந்தக் கோப்பு இல்லை என்றுதான் அதற்குப் பொருள். கடைசியில் ஏதாவது ஒன்று ஏறிவிட்டால் கவலையே வேண்டாம்.

டிரைவர் எழுதுபவர்கள் மறக்கும் ஒன்று: எந்தக் கோப்பு தேவை என்று மாட்யூலுக்குள் (டிரைவர் கோப்புக்குள்) அறிவிக்காமல் விடுவது. பூட் ஆகும் தொடக்கத்தில் பயன்படும் சிறு கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸை உருவாக்கும் கருவிகள் அந்த அறிவிப்பை வைத்தே கோப்பை எடுத்துக்கொள்கின்றன; அறிவிப்பு இல்லையென்றால் கோப்பு அதில் சேராது.

அப்புறம் உரிமம். மறுவிநியோகம் செய்ய அனுமதி தராத ஃபர்ம்வேரை எந்த டிஸ்ட்ரோவும் கூடவே தர முடியாது. பிராட்காமின் பழைய வைஃபை கார்டுகள் இப்படித்தான் படுத்தின: வேறொரு டிரைவரிலிருந்து ஃபர்ம்வேரைப் பிரித்தெடுக்கத் தனிக் கருவியே தேவைப்பட்டது. அந்த டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும்! மூலநிரல் தராவிட்டாலும் பகிரும் உரிமையையாவது கொடுங்கள்.

பாதுகாப்புத் திருத்தத்தில்தான் அவசரம் புத்தியை மறைக்கிறது. கெர்னல், ஃபர்ம்வேர் இரண்டும் சேர்ந்து மாறினால்தான் ஓட்டை அடைபடும் என்றால், புதிய மேஜருக்கு மட்டும் திருத்தம் போட்டுவிட்டு நகரக் கூடாது. ஆதரவில் உள்ள நீண்டகாலக் கெர்னல்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு மேஜருக்கும் அது போக வேண்டும். ஏறியிருக்கும் ஃபர்ம்வேரில் ஓட்டை அடைபட்டுவிட்டதா என்று கெர்னலே கண்டறிய வேண்டும். அறிவிப்பில் இரண்டு திருத்தங்களையும் குறிப்பிட வேண்டும். பழைய மேஜரைக் கைவிடுவது வேறு வழியே இல்லாதபோது மட்டும், அதையும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு.