இலவசமாகக் கட்டிய இணையதளமும் யாரும் புதுப்பிக்காத டொமைனும்: இணைய ஆலோசனை நிறுவனங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சமூகத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கும் இணைய ஆலோசனை நிறுவனம், பெரும்பாலும் ஒரு தொண்டு அமைப்புக்கு இலவசமாக இணையதளம் அமைத்துக் கொடுப்பதில்தான் தொடங்குகிறது. தவறுகளும் அங்கேயே தொடங்கிவிடுகின்றன. காசு வாங்காத வேலைக்கு ஒப்பந்தம் எதற்கு என்று எதையும் எழுதி வைப்பதில்லை. அவசரத்தில் டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரி, ஆலோசனை நிறுவனத்தின் ஊழியர் ஒருவரின் பெயரிலும் மின்னஞ்சலிலும் பதிவாகிறது. இரண்டு ஆண்டுகளில் அவர் வேறு வேலைக்குப் போய்விட, புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல்கள் யாரும் திறக்காத அஞ்சல் பெட்டியில் குவிகின்றன. டாட் காம் பெயர் ஒன்று காலாவதியாகி நீக்கப்பட்டால், கூடுதல் கட்டணம் செலுத்தி மீட்க 30 நாள் அவகாசம் உண்டு. ஆனால் மீட்கக் கோர வேண்டியவர் பதிவில் பெயர் உள்ளவர் என்பதால், நன்கொடைச் சீட்டுகளில் எல்லாம் அந்த முகவரியை அச்சிட்டு வைத்திருக்கும் அமைப்பு கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்.

ஆகவே டொமைனையும், தளத்தின் கோப்புகளை வைத்திருக்கும் ஹோஸ்டிங் கணக்கையும் முதல் நாளிலேயே தளத்தைப் பெறும் அமைப்பின் பெயரில் பதிவு செய்ய வேண்டும். பிளக்இன்கள் எனப்படும் துணை நிரல்களை யார் புதுப்பிப்பார், பேக்கப் எங்கே இருக்கும், பராமரிப்பு எத்தனை ஆண்டுகளுக்கு என்பவற்றை ஒரு பக்கத்திலாவது எழுதிக் கையெழுத்திட வேண்டும். பராமரிக்க ஆள் இல்லையென்றால், புதுத் தளம் கட்டுவதைவிட இருப்பதைச் சீர்செய்து கொடுப்பதே மேல் என்பது என் கருத்து.

நாள்தோறும் பயன்படுத்தும் திறந்த மூல மென்பொருளுக்கு, அதாவது நிரலை யாரும் பார்க்கவும் திருத்தவும் இலவசமாகப் பயன்படுத்தவும் கூடிய மென்பொருளுக்கு, எதையும் திருப்பித் தராமல் இருப்பது அடுத்த தவறு. இணையத் தொடர்புகளை மறையாக்கிப் பாதுகாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்புக் குறைபாடு வெளியானபோதுதான், இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த அந்தத் திட்டத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர் மட்டுமே நன்கொடையாக வந்துகொண்டிருந்தது பலருக்கும் தெரிந்தது. அதே 2014இல், இணையதளம் அமைக்கும் திறந்த மூல மென்பொருளான வேர்ட்பிரஸால் பிழைக்கும் நிறுவனங்கள் தங்கள் உழைப்பில் 5 சதவீதத்தை அதன் வளர்ச்சிக்குத் தரலாம் என்ற யோசனையை அதன் இணை நிறுவனர் மாட் முல்லன்வெக் முன்வைத்தார். பணம்தான் தர வேண்டும் என்பதில்லை. வாடிக்கையாளர் வேலையில் கண்டுபிடித்துத் திருத்திய வழுவை மூலத் திட்டத்துக்கே அனுப்பி வைப்பதும் கொடைதான்.

இத்தகைய நற்பணிகளைச் செய்துகொண்டே, கட்டணம் தரும் வாடிக்கையாளருக்காக, மாதாமாதம் பணம் பிடிக்கச் சம்மதம் கேட்கும் பெட்டியில் முன்கூட்டியே டிக் அடித்து வைப்பதும், சந்தாவை ரத்து செய்யும் இணைப்பை வெளிர் சாம்பல் எழுத்தில் ஒளித்து வைப்பதும் நடக்கின்றன. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளிர்வு மாறுபாடு வேண்டும் என்று, மாற்றுத்திறனாளிகளும் தளங்களைப் பயன்படுத்த வழிசொல்லும் டபிள்யூசிஏஜி அணுகல்தன்மை வழிகாட்டி தன் நடுநிலையான இரட்டை ஏ (AA) நிலையில் கேட்கிறது. அந்த இணைப்பு அதில் தேறாது. நெறிமுறைகளைச் சுவரில் மாட்டினால் போதாது. இத்தகைய வேலை வரும்போது, வருமானம் போனாலும் சரி, மறுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதை முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

ஊழியர்களின் மாலை நேரத்தையும் விடுமுறையையும் எடுத்துக்கொண்டு நிறுவனத்தின் பெயரில் கொடை அறிவிப்பதும் பரவலாக உண்டு. சமூகப் பணியும் நேரப் பதிவேட்டில் வேலை நேரமாகவே ஏற வேண்டும். ஏறாவிட்டால் கொடுத்தவர் அந்த ஊழியர்தான், நிறுவனம் அல்ல.