பேரைட் தேடி மலையில் துளையிடுவது எப்படி?

பார்க்கச் சாதாரண வெள்ளைக் கல். கையில் எடுத்ததும் 'என்ன இவ்வளவு கனம்' என்று தோன்றினால் அது பேரைட்டாக, அதாவது பேரியம் சல்பேட் கனிமமாக, இருக்கலாம். குவார்ட்ஸின் ஒப்படர்த்தி (நீரைப்போல எத்தனை மடங்கு கனம் என்பது) 2.65, தூய பேரைட்டுக்கு 4.5. இந்தக் கனம்தான் கடைசிவரை நமக்குத் துணை.

படி 1: ரிக்கை, அதாவது துளையிடும் இயந்திரத்தை, மலையில் ஏற்றும் முன் நடங்கள். ஓடையில் கிடக்கும் கனமான துண்டுகளைப் பார்த்துக்கொண்டே மேலே ஏறினால், அவை உடைந்து வந்த இடம் அகப்படும். கால்சைட்டோ என்று சந்தேகமா? நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடுங்கள், பேரைட் நுரைக்காது. பாறை வெடிப்பை நிரப்பிய கனிமப் பட்டை தெரிந்ததும் குறுக்கே பள்ளம் வெட்டி, எந்தப் பக்கம், எத்தனை டிகிரி சாய்கிறது என்று அளந்துகொள்ளுங்கள்.

படி 2: துளையின் கோணம். நிமிர்ந்து நிற்கும் பட்டைக்கு நேர்கீழாகத் துளைத்தால் அதைத் தொடாமலே பக்கத்தில் இறங்கிக்கொண்டிருப்போம். அதனால் பட்டை சாயும் பக்கத்தில் ரிக்கை நிறுத்தி, அதன் சாய்வுக்கு எதிர்த்திசையில் சாய்துளை. துளை எங்கே என்பதை வரைபடம் பாதி சொல்லும். ரிக் நிற்க மேடையும் தண்ணீரும் கிடைக்கும் இடம் மீதியைச் சொல்லும்.

படி 3: துளையிடுதல். வைரம் பதித்த துளைமுனை (பிட்) போட்டுப் பாறையை உருளையாக, அதாவது கோராக, எடுக்கிறோம். எச்.க்யூ எனும் துளை அளவில் கோரின் விட்டம் 63.5 மி.மீ. பேரைட்டின் கடினம் மோஸ் அளவுகோலில் 3 முதல் 3.5 வரைதான், சட்டென்று நொறுங்கும். தண்ணீரை வேகமாகச் செலுத்தினால் அது தூளாகிக் கழுவப்பட்டுப் போய், குவார்ட்ஸ் மட்டும் கோர் பெட்டிக்கு வரும். நல்ல பட்டை காகிதத்தில் மட்டமாகிவிடும்! எனவே பட்டை நெருங்கும்போது ஒரு தடவைக்குத் துளைக்கும் நீளத்தைக் குறையுங்கள். 3 மீட்டர் துளைத்து 2.4 மீட்டர் கோர் வந்தால் மீட்பு 80 சதவீதம். மீதி எங்கே போனது என்று பார்க்காமல் தொடராதீர்கள்.

அப்புறம் ஒன்று. எண்ணெய்க் கிணறுகளில் துளைச்சேற்றைக் கனமாக்கக் கலப்பதே பேரைட்தான். இங்கே அதைக் கலந்தால் மாதிரி கெட்டது. பென்டோனைட் களிமண் போதும்.

படி 4: எடை. துண்டு காற்றில் 900 கிராம், நீரில் தொங்கவிட்டால் 690 என்று வைத்துக்கொள்வோம். 900-ஐ வித்தியாசமான 210-ஆல் வகுத்தால் ஒப்படர்த்தி ஏறத்தாழ 4.29. எண்ணெய்த் துறை கேட்கும் 4.20-ஐத் தாண்டிவிட்டது, சரி. ஆனால் பேரைட்டைவிடக் கனமான ஈயத்தாது கலீனா கலந்திருந்தால் தராசு ஏமாற்றும். ஆய்வகச் சோதனை கட்டாயம். சாதாரண அமிலங்களில் பேரைட் கரையாது என்பதால், அமிலத்தில் கரைக்கத் தேவையில்லாத எக்ஸ்-கதிர் ஒளிர்வு முறையைக் கேளுங்கள்.

படி 5: தடிமன். கோரில் 2 மீட்டர் பேரைட் என்றதும் துள்ள வேண்டாம். துளை பட்டையை 30 டிகிரியில் வெட்டியிருந்தால் உண்மைத் தடிமன் 1 மீட்டர்தான்.