பள்ளிக்கு மதிய உணவு கட்டுவது எப்படி? புதிதாகத் தொடங்கும் பெற்றோருக்கான செய்முறை விளக்கம்

பிள்ளைக்கு மதிய உணவு கட்டும்போது பெரும்பாலான வீடுகளில் இரண்டு கேள்விகள்தான் எழுகின்றன. வயிறு நிறையுமா? மிச்சம் வைக்காமல் சாப்பிடுமா? இரண்டும் நியாயமானவையே. ஆனால் எலுமிச்சை சாதத்துக்கு உருளைக்கிழங்கு வறுவல், தக்காளி சாதத்துக்குச் சிப்ஸ், புளியோதரைக்கு அப்பளம் என்று நாம் வழக்கமாகக் கட்டும் ஜோடிகளைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். மாவுச்சத்துக்கு மாவுச்சத்தையே தொட்டுக்கொள்ளக் கொடுக்கிறோம். வயிறு நிறைகிறது; வளரும் உடலுக்கு வேண்டிய புரதமும் இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் போதிய அளவில் கிடைப்பதில்லை. இதைச் சரிசெய்யப் புதிய சமையல் எதையும் கற்க வேண்டியதில்லை. சாதத்தின் பக்கத்தில் என்ன வைக்கிறோம் என்பதை மாற்றினாலே பெரும்பகுதி சரியாகிவிடும்.

படி 1: டப்பாவில் இடம் ஒதுக்குங்கள்

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, 7 முதல் 9 வயதுக் குழந்தைக்கு ஒரு நாளில் சுமார் 1,700 கலோரியும் 23 கிராம் புரதமும் வேண்டும். மதிய உணவை அதில் மூன்றில் ஒரு பங்காகக் கொண்டால், ஏறக்குறைய 550 கலோரியும் 8 கிராம் புரதமும் டப்பாவுக்குள் இருக்க வேண்டும். ஒரு கிண்ணம் சோற்றில் சுமார் 4 கிராம் புரதம்தான் உள்ளது. எனவே டப்பாவில் பாதியளவு சாதமோ சப்பாத்தியோ இட்லியோ இருக்கட்டும். மீதிப் பாதியைப் பருப்பு, பயறு, முட்டை போன்றவற்றுக்கும் காய்க்கும் பிரித்துக் கொடுங்கள். இந்தக் கணக்கில் உருளைக்கிழங்கைக் காயாகச் சேர்க்காதீர்கள். அது சோற்றின் பக்கம்தான் சேரும். இரண்டு அடுக்கு டப்பாவோ, நடுவில் தடுப்புள்ள எவர்சில்வர் டப்பாவோ இருந்தால் தினமும் அளந்து பார்க்காமலே இந்தப் பங்கீடு கைக்கு வந்துவிடும்.

படி 2: புரதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

‘இன்று என்ன சாதம்?’ என்று தொடங்காமல், ‘இன்று என்ன பயறு, என்ன முட்டை?’ என்று தொடங்குவதே என் பரிந்துரை. புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்னும் சிறு கூறுகளால் ஆனது. அவற்றில் லைசின் என்பது அரிசியில் குறைவு. பருப்பு வகைகளில் அது நிறைய உள்ளது. பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனின் என்ற மற்றோர் அமினோ அமிலம் அரிசியில் இருக்கிறது. அதனால்தான் பொங்கல், பிசிபேளா சாதம், இட்லி, அடை போன்ற, அரிசியும் பருப்பும் சேர்ந்த உணவுகள் தனிச் சோற்றைவிடத் தரமான புரதத்தைத் தருகின்றன. சாம்பார் சாதம் கொடுத்துவிட்டோம், பருப்பு போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். நீர்த்த சாம்பார் ஒரு கரண்டியில் இருக்கும் பருப்பு மிகவும் குறைவு. சாம்பார் சாதம் கட்டும் நாளில் பருப்பை வழக்கத்தைவிடக் கூடுதலாகப் போட்டுக் கெட்டியாக வைக்க வேண்டும்.

ஒரு அவித்த முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உள்ளது. தமிழக அரசுப் பள்ளிகளின் சத்துணவில் கலவை சாதத்தோடு முட்டையும் தரப்படுவதைக் கவனியுங்கள். வீட்டில் கட்டும் டப்பாவுக்கும் அது நல்ல முன்மாதிரி. முட்டை சாப்பிடாத வீடுகளில் அரைக் கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் ஏறக்குறைய அதே அளவு புரதத்தைத் தரும். பச்சைப்பயறு, தட்டைப்பயறு, பனீர், சோயா உருண்டை ஆகியவற்றையும் மாற்றி மாற்றி வைக்கலாம். எலுமிச்சை சாதத்தில் ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலையைச் சேருங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு முழுக்கடலை தொண்டையில் சிக்கக்கூடும் என்பதால் கொரகொரப்பாகப் பொடித்துச் சேர்ப்பது அவசியம்.

படி 3: காயும் கீரையும், கூடவே கொஞ்சம் புளிப்பும்

கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் உறிஞ்சுவதில்லை. அதே வேளையில் வைட்டமின் சி உள்ள ஏதேனும் ஒன்று வயிற்றுக்குள் சென்றால் அந்த உறிஞ்சுதல் கூடுகிறது. ஆகவே முருங்கைக்கீரைச் சாதத்தோடு இரண்டு கொய்யாத் துண்டுகளையோ நெல்லிக்காயையோ வையுங்கள். சுண்டலில் அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சை பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமினும் குறையும், கசப்பும் ஏறும். 10 முதல் 12 வயது வரையுள்ள பெண் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் 28 மில்லிகிராம் இரும்பு பரிந்துரைக்கப்படுகிறது. அதே வயது ஆண் பிள்ளைகளுக்கு அது 16 மில்லிகிராம். வீட்டில் மகள் இந்த வயதைத் தொடும்போது அவளுடைய டப்பாவில் கீரையையும் பயறையும் கூட்ட வேண்டும் என்பதைத் தயவுசெய்து மறந்துவிடாதீர்கள்.

காயைக் கண்டாலே ஒதுக்கும் குழந்தைக்குக் கேரட்டையும் பீட்ரூட்டையும் துருவிச் சப்பாத்தி மாவிலோ அடை மாவிலோ சேர்த்துவிடலாம். ஆனால் எப்போதும் மறைத்தே கொடுத்தால் காயின் சுவை பழகாது. மறைத்துக் கொடுக்கும் நாளிலும் இரண்டு மூன்று துண்டுகள் கண்ணில் படும்படி தனியாக இருக்கட்டும்.

படி 4: மதியம் வரை கெடாமல் கட்டுங்கள்

காலை ஏழரைக்குக் கட்டிய உணவைப் பிள்ளை பன்னிரண்டரைக்குத் திறக்கிறது. நம் ஊர் வெயிலில் இந்த ஐந்து மணி நேரம் சாதாரணமானதல்ல. எவ்வளவு சத்தான உணவும் கெட்டுப்போனால் தீங்குதான். 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகுகின்றன. சோற்றில் வளரும் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை; அது உண்டாக்கும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. எனவே முந்தைய இரவு வெளியில் வைத்த சோற்றைக் காலையில் தாளித்துக் கட்டிக் கொடுக்கவே கூடாது.

சூடு ஆறாமல் காக்கும் டப்பாவாக இருந்தால், அதில் முதலில் கொதிநீரை ஊற்றிச் சில நிமிடங்கள் மூடி வைத்துக் கொட்டிவிட்டு, ஆவி பறக்கும் உணவை நிரம்ப வைத்து உடனே மூடுங்கள். சாதாரண டப்பாவில் கட்டுவதானால் சோற்றை அகலமான தட்டில் பரப்பி, ஆவி அடங்கிய பிறகு உடனே கட்டுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் வேர்த்த நீர் சொட்டி உணவு சீக்கிரம் ஊசிவிடும். புளியோதரையும் எலுமிச்சை சாதமும் புளிப்பினால் தாக்குப்பிடிக்கும். தேங்காய்ச் சட்னி, தேங்காய் அரைத்த கூட்டு ஆகியவற்றைக் கோடைக்காலத்தில் தவிர்ப்பது நல்லது. தயிர் சாதத்துக்கு, குழைய வடித்த சோற்றை மசித்து, காய்ச்சி ஆறிய வெதுவெதுப்பான பாலை ஊற்றி, ஒரு கரண்டி தயிர் மட்டும் சேர்த்துக் கட்டினால், மதியத்துக்குள் அது தோய்ந்து, புளிக்காமல் பதமாக இருக்கும்.

படி 5: இடைவேளைத் தின்பண்டம்

சர்க்கரையைப் பொறுத்தவரை, நாள் முழுவதும் கிடைக்கும் கலோரியில் 10 விழுக்காட்டுக்கு மேல் சேர்க்கப்பட்ட சர்க்கரையிலிருந்து வரக்கூடாது என்றும், 5 விழுக்காட்டுக்குள் இருப்பது மேலும் நல்லது என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. 1,700 கலோரிக்கு 5 விழுக்காடு என்பது சுமார் 21 கிராம், அதாவது ஐந்து தேக்கரண்டி. வெல்லமும் தேனும் அட்டைப்பெட்டிப் பழச்சாறும் இந்தக் கணக்கில் அடங்கும். முழுப் பழம், பொட்டுக்கடலை, அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, சிறிய எள்ளுருண்டை என ஏதாவது ஒன்று போதும். கடையில் வாங்கினால் பின்புறத்தில் உள்ள பொருள்பட்டியலைப் படியுங்கள். எடை கூடிய பொருள்தான் முதலில் அச்சிடப்படும். ‘சிறுதானியம்’ என்று முன்பக்கம் பெரிதாகப் போட்ட பிஸ்கட்டின் பட்டியல் மைதாவில் தொடங்கினால் அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

படி 6: திரும்பி வரும் டப்பாவைப் பாருங்கள்

மிச்சம் வந்தால் திட்டாமல் காரணம் கேளுங்கள். நேரம் போதவில்லையா, மூடியைத் திறக்க முடியவில்லையா, ஆறிப்போய் இறுகிவிட்டதா என்பதைப் பொறுத்தே தீர்வு அமையும். சிறு பிள்ளைகளுக்குச் சப்பாத்தியைச் சுருட்டிக் கொடுப்பதும், முட்டையை நான்காக வெட்டி வைப்பதும் பாதி நேரத்தை மிச்சப்படுத்தும். புதிய உணவு எதையும் முதலில் விடுமுறை நாளில் வீட்டில் பழக்குங்கள். பிறகு டப்பாவில் இரண்டு மூன்று வாயளவு மட்டும் வையுங்கள். ஞாயிறு இரவே கொண்டைக்கடலையை ஊறவைத்துவிட்டால் திங்கட்கிழமைச் சுண்டலுக்குக் காலையில் குக்கரை ஏற்றினாலே போதும்.