புதுப்பித்த படப் பகிர்வுத் தளத்தை வெளியிடும் முறை

இலங்கை மலையகத்தின் ஹட்டன், பதுளை, பண்டாரவளைப் பக்கங்களிலிருந்து காமன்கூத்து என்னும் நாட்டார் கூத்தின் காணொளிகளையும் பழைய தோட்டப் படங்களையும் பகிரும் தளமொன்றை மறுவடிவமைத்து வெளியிடுபவர்கள், முதலில் கோப்புகளையும் தரவுத்தளத்தையும் முழுமையாகப் பிரதியெடுத்து, அந்தப் பிரதியிலிருந்து தளத்தை மீண்டும் நிறுவ முடிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சோதிக்காத பிரதியை நான் பிரதியாகவே கொள்வதில்லை.

அடுத்தது முகவரிகள். ஒவ்வொரு படத்தின் பழைய முகவரியும் 301 என்னும் நிரந்தரத் திசைதிருப்பல் வழியாக அதே படத்தின் புதிய பக்கத்திற்குச் செல்ல வேண்டும். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிட்டால், வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே பகிரப்பட்ட இணைப்புகள் பயனற்றுப்போகும். பாமினி என்னும் பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட தலைப்புகளை யுனிகோடு என்னும் பொதுக் குறியீட்டு முறைக்கு மாற்றாவிட்டால் தேடலில் அவை அகப்படமாட்டா.

மலைச்சரிவுகளில் சிக்னல் சீராகக் கிடைப்பதில்லை என்பதால், படங்களைப் பல அளவுகளில் உருவாக்கி, திரைக்கு வரும்போது மட்டும் தரவிறங்கச் செய்து, காணொளிகளைத் துண்டுகளாகப் பிரித்து இணைய வேகத்திற்கேற்பத் தரம் மாறும்படி அமைக்க வேண்டும். பதிவேற்றம் இடையில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்தே தொடர வேண்டும். வண்ணங்களைத் தெரிவுசெய்வதைவிட இதற்கே அதிக நேரம் தகும். சோதனையையும் அலுவலக வைஃபையில் அல்லாமல், லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு) வாசலில், விலை குறைந்த கையடக்கத் தொலைபேசியில் செய்ய வேண்டும்.

வெளியிடுவதற்கு முந்தைய நாளே தளத்தின் பெயரை வழங்கியின் (சர்வரின்) முகவரியோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவின் டிடிஎல் மதிப்பை, அதாவது அந்த முகவரியைப் பிற கணினிகள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, 300 விநாடிகளாகக் குறைத்துவிட்டால், பிழை நேரும்போது பழைய வழங்கிக்கு விரைவில் திரும்பலாம். மாற்றும் நேரத்தில் பதிவேற்றங்களை நிறுத்தி வைக்கவும். பழைய வழங்கியைச் சில வாரங்களுக்கு அணைக்காதிருக்கவும்.