தலைவருக்குப் பட்டப்பெயர் வைக்கும்போது செய்யக்கூடாதவை

நிழற்குடை முதல் தண்ணீர்த் தொட்டி வரை தன் படத்தையே ஒட்டிக்கொள்ளும் தலைவருக்கு ஊரே ஒரு பட்டப்பெயர் வைத்துவிடும். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அது பல நேரம் தப்பான ஆள்மேல் போய் விழுகிறது.

முதல் தவறு, உடம்பைப் பிடிப்பது. ஒருவரை 'மஞ்சப்பல்லன்' என்றால் இங்கே யாருக்கு வலிக்கும்? நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த மாவட்டங்கள் இவை. அந்தத் தண்ணீரைக் குடித்துப் பல்லில் கறை ஏறியவர்கள் எத்தனையோ பேர். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கே அதுதான் காரணம். தலைவர் துடைத்துவிட்டுப் போய்விடுவார்; கூட்டத்தில் நிற்கிற பெண்தான் முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். சாதி, நிறம், மனைவி மக்களை இழுக்கும் பெயர்களும் வேண்டவே வேண்டாம்.

செய்கையைப் பிடியுங்கள். இதைத் தகடூர்க்காரர்களுக்கு, அதாவது இன்றைய தர்மபுரிக்காரர்களுக்கு, யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. தகடூர் அரசன் அதியமானுக்காகத் தூது போன ஔவையாரிடம் காஞ்சி மன்னன் தொண்டைமான் தன் படைக்கலங்களைப் பெருமையாகக் காட்டினான். அதற்கு ஔவையார், 'உன் வேல்கள் மயிற்பீலியும் மாலையும் சூடி, நெய் பூசி, காவலுள்ள அரண்மனையில் இருக்கின்றன. எங்கள் அரசனின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன' என்றார். புறநானூற்றின் 95ஆவது பாட்டு இது. ஒரு வசவுகூடக் கிடையாது. அவன் எதைக் காட்டிப் பெருமைப்பட்டானோ, அதை வைத்தே அவனை அளந்துவிட்டார்.

அடுத்த தவறு, பண்டிதர் நடை. தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் நிறைய. 'தற்புகழ்ச்சித் திலகம்' அங்கே மேடையோடு நின்றுவிடும். எல்லாவற்றையும் தானே செய்ததாகச் சொல்கிறவரைத் 'தானேஸ்வரன்' என்று சொல்லிப் பாருங்கள், 'தானே' மூன்று மொழியிலும் இருப்பதால் சட்டென்று பிடிபடும்.

ஆதாரம் இல்லாமல் 'கமிஷன்', 'கொள்ளை' என்று பெயரோடு ஒட்டுவது ஆபத்து. இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவில் அவதூறுக்கு 2 ஆண்டு வரை சிறை உண்டு. தேர்தல் நடத்தை விதிகளும் தனிவாழ்க்கையை விமர்சிக்கக் கூடாது, நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டைக் கிளப்பக் கூடாது என்கின்றன. கொள்கை, திட்டம், கடந்தகாலச் செயல்பாடு ஆகியவற்றைத் தாராளமாகப் பேசலாம். ஆகவே ஊர்ப் பணத்தில் கட்டிய கட்டடங்களில் அவர் பெயர் எத்தனை கல்வெட்டில் இருக்கிறது என்று நேரில் போய் எண்ணிவிட்டு, அந்த எண்ணிக்கையோடு பட்டப்பெயரைச் சொல்லுங்கள்.