உறைபனிக் காலையில் வண்டி போடும் சத்தம்: எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி

நீலகிரி மலையில் நவம்பர் கடைசியில் தலைகாட்டும் உறைபனி பிப்ரவரி வரை விட்டுவிட்டுப் பெய்யும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியிலும், குறிப்பாகத் தலைகுந்தா, காந்தல் போன்ற பகுதிகளிலும், விடியற்காலை வெப்பநிலை பூஜ்ஜியம் வரை இறங்குவது உண்டு. இரவெல்லாம் திறந்த வெளியில் நின்ற காரையோ ஜீப்பையோ காலை ஆறு மணிக்குக் கிளப்பும்போது, முந்தைய நாள் மாலை வரை இல்லாத கிரீச்சலும் தட்டலும் கேட்டால் யாருக்கும் மனம் துணுக்குறும். அந்தச் சத்தத்தோடு புறப்பட்டு, பர்லியாறு தாண்டி, மேட்டுப்பாளையத்தில் ஓர் ஒர்க்‌ஷாப்பில் காட்டினால் அங்கே வண்டி சாதுவாக நிற்கும். மெக்கானிக்கும் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லையே சார்" என்று சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அவர் மேல் தவறில்லை. குளிரில் பிறக்கும் சத்தம் வண்டி சூடேறும் வரைதான் இருக்கும் என்பதால், அதைக் கண்டுபிடிக்கும் வேலையில் பெரும்பகுதியை வண்டி நிற்கும் வாசலிலேயே, வண்டிக்காரரே செய்தாக வேண்டும்.

இதில் முதலில் கவனிக்க வேண்டியது, சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட அது எப்போது நிற்கிறது என்பதுதான். குளிரில் ஆயில் கெட்டிப்படுகிறது, ரப்பர் விறைக்கிறது, அலுமினியமும் இரும்பும் வெவ்வேறு அளவில் சுருங்குகின்றன, பேட்டரி சோம்பிவிடுகிறது, பனிநீர் இரும்பில் படிகிறது. இவை ஒவ்வொன்றும் சரியாவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் வேறு: ஆயில் மேலே ஏறச் சில விநாடிகள், பெல்ட் காய ஓரிரு நிமிடங்கள், பிஸ்டன் சூடேறி விரியச் சில நிமிடங்கள், வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்கு அடியில் இருக்கும் ரப்பர் புஷ் இளக அதற்கும் மேலே. ஆகவே கைபேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, சாவியைத் திருப்புவதற்கு முன்பிருந்தே பதிவு செய்வது நல்லது. சத்தம் தொடங்கிய நேரமும் நின்ற நேரமும் அதில் தானாகப் பதிந்துவிடும்.

ஒரு நாளைக்கு ஒரு வாய்ப்புதான் கிடைக்கும். ஒருமுறை சூடேறிய என்ஜின் முழுவதும் குளிரப் பல மணி நேரம் பிடிக்கும். அதனால் முதல் நாள் எதையும் கழற்றாமல் கேட்பதற்கு மட்டும் ஒதுக்குங்கள். கிளப்புவதற்கு முன் பானெட்டை இரண்டு தட்டு தட்டுவது அவசியம், ஏனென்றால் கதகதப்புக்காகப் பூனைகள் உள்ளே புகுந்து படுத்திருக்கும். பேட்டரிக்காகவோ பனிக்காகவோ என்ஜின் மேல் சாக்கு போர்த்தியிருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும். ஷெட்டுக்குள் வண்டி நின்றால் ஷட்டரை முழுக்கத் திறக்காமல் என்ஜினை ஓடவிடக் கூடாது. புகையில் இருக்கும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

சாவியைத் திருப்பியதும் 'டக்டக்டக்' என்று வேகமாகத் தட்டி என்ஜின் சுற்றவில்லை என்றால், பெரும்பாலும் பேட்டரிதான் காரணம். பூஜ்ஜியம் டிகிரியில் ஒரு பேட்டரி, வண்டியைக் கிளப்பும் தன் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடுகிறது. அதே வேளையில் கெட்டிப்பட்ட ஆயில், என்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாரிடம் கூடுதல் வேலை கேட்கிறது. ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பிப் பாருங்கள். வெளிச்சம் செத்துப்போனால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறது. வெளிச்சம் மங்காமல் ஒரே ஒரு 'டொக்' மட்டும் கேட்டால் செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் சோலனாய்டையோ அதன் இணைப்பையோ சந்தேகிக்கலாம். மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் தெளிவாகும்: இரவு நின்ற நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. என்ஜின் சுற்றாமல் 'சுர்ர்' என்று மோட்டார் மட்டும் வெறுமனே ஓடினால், அதன் முனையில் இருக்கும் சிறு பல்சக்கரமான பினியன் முன்னே வந்து என்ஜினின் பல்சக்கரத்தைப் பிடிக்கவில்லை என்று பொருள். பழைய கிரீஸ் குளிரில் பசையாகிப் பினியனை இறுக்கிப் பிடிப்பது இதற்கு ஒரு காரணம்.

என்ஜின் பிடித்தவுடன் இரண்டு மூன்று விநாடி மேல்பக்கத்தில் 'டிக்டிக்' என்று, வால்வுகளைத் தள்ளும் டேப்பெட் தட்டி, ஆயில் விளக்கு அணைந்ததும் அடங்கிவிட்டால் கவலைப்பட ஒன்றுமில்லை. அரை நிமிடம் நீண்டால் ஆயில் அளவைப் பாருங்கள். அடுத்து, உள்ளே இருக்கும் ஆயில் எந்தத் தரம் என்று பாருங்கள். சமவெளியின் கோடைக்கு ஏற்ற 20டபிள்யூ-50 ஆயில், 5டபிள்யூ-30 கேட்கும் புதிய என்ஜினில் இருந்தால் விடியற்காலையில் அது மேலே ஏறத் தாமதமாகும். முதல் எண் சிறியதாக இருக்க இருக்கக் குளிரில் ஓட்டம் எளிது. ஆனாலும் வண்டியின் கையேட்டில் சொல்லியிருக்கும் தரத்தை விட்டு விலக வேண்டாம். மலிவான ஆயில் ஃபில்டரும் இதே தொல்லையைத் தரும். நல்ல ஃபில்டருக்குள் இருக்கும் ரப்பர் வால்வு, இரவில் ஆயில் கீழே வடிந்துவிடாமல் தடுக்கிறது. மலிவானதில் அந்த வால்வு விறைத்துப்போயிருக்கும். டேப்பெட்டாக இல்லாமல் என்ஜினின் செயின் கவர் பக்கத்திலிருந்து 'கரகர' என்று கேட்டு நிற்பது டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனராக இருக்கலாம். இது நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போனால் தள்ளிப்போடக் கூடாது.

இந்த 'டிக்டிக்' விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். என்ஜினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் மேனிஃபோல்ட் குழாயின் கேஸ்கெட்டிலோ சைலன்சர் இணைப்பிலோ நூலிழை போன்ற விரிசல் இருந்தால், அதன் வழியே வெடித்து வரும் புகையும் டேப்பெட் போலவே தட்டும்; உலோகம் சூடாகி விரிந்ததும் விரிசல் மூடிக்கொண்டு சத்தம் போய்விடும். டேப்பெட்டை அட்ஜஸ்ட் செய்யச் சொல்லி வீணாகச் செலவழிக்கும் முன், இரண்டடி நீளமுள்ள ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதருகே வைத்து, மறுமுனையை மேனிஃபோல்ட் ஓரமாக மெல்ல நகர்த்துங்கள். கசியும் இடத்துக்கு வந்ததும் தட்டல் காதில் அறையும். அங்கே கரிப்பூச்சும் தெரியும். குளிருக்குக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஹீட்டர் போட்டு ஓட்டுகிற பழக்கம் மலையில் எல்லோருக்கும் இருப்பதால், இந்தக் கசிவைச் சத்தத் தொல்லையாக மட்டும் பார்க்கக் கூடாது. புகை வண்டிக்குள் வரும்.

டீசல் வண்டி குளிரில் 'கடகட' என்று சற்றுக் கரடாகத் தட்டுவது அதன் இயல்பு. சிலிண்டர் குளிர்ந்திருப்பதால் டீசல் பற்றிக்கொள்ளத் தாமதமாகி, பிறகு ஒரே மூச்சில் எரிவதால் வருவது அது. சிலிண்டரை முன்கூட்டியே சூடேற்றும் ஹீட்டர் பிளக்கின் விளக்கு அணையும் வரை காத்திருந்து கிளப்பினால் பாதி குறையும். வெள்ளைப் புகையோடு ஐந்து நிமிடத்துக்கு மேலும் தட்டினால் ஹீட்டர் பிளக்கைச் சோதிக்கலாம்.

பழைய பெட்ரோல் என்ஜினில் மந்தமான 'டொப்டொப்' கேட்டு, சில நிமிடங்களில் தேய்ந்து மறைந்தால் அது பிஸ்டன் சிலிண்டரில் மோதும் சத்தம். அலுமினியப் பிஸ்டன், இரும்புச் சிலிண்டரைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிவதால் சூட்டில் இடைவெளி குறைந்து அமைதியாகிறது. ஆக்சிலேட்டரை உறுமவிடாமல் பக்குவமாக ஓட்டினால் அந்த என்ஜின் இன்னும் பல ஆண்டு ஓடும். நேர்மாறாக, குளிரில் அடங்கியிருந்து, சூடேறி ஆயில் இளகிய பிறகு என்ஜினின் அடிப்பக்கத்தில் கனமாக 'டொக்டொக்' என்று வலுப்பதுதான் உண்மையான அபாயம். பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்திருக்கிறது. உடனே என்ஜினை நிறுத்த வேண்டும்.

காலைச் சத்தங்களில் மிகப் பொதுவானது பெல்ட்டின் கிரீச்சல். கிளப்பிய உடனே, இரவில் இறங்கிய பேட்டரியை நிரப்ப, பெல்ட்டில் சுழலும் ஆல்டர்னேட்டர் இழுக்கிறது. ஹெட்லைட்டும் ஹீட்டர் ஃபேனும் சேர்ந்துகொள்கின்றன. பனிநீரில் நனைந்து விறைத்த பெல்ட் வழுக்குகிறது. அதனால் பலவீனமான பேட்டரியும் பெல்ட்டைக் கத்தவைக்கும் என்பதை நினைவில் வைத்து, முதலில் பேட்டரியைச் சோதித்துவிடுங்கள். அதன்பின் பெல்ட்டுக்கு ஒரு தண்ணீர்ச் சோதனை உண்டு. சால்வை, மஃப்ளர் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, கையை எட்டத்தில் வைத்துக்கொண்டு, ஓடும் பெல்ட்டின் வரிப்பள்ளம் உள்ள பக்கத்தில் சிறிது தண்ணீரைத் தெளியுங்கள். கத்தல் கூடினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது அல்லது டென்ஷனர் சோர்ந்திருக்கிறது. தண்ணீர் பட்டதும் கத்தல் நின்று, காய்ந்தவுடன் திரும்ப வந்தால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை; பெல்ட்டை மட்டும் மாற்றினால் புதியதும் சில வாரங்களில் கத்தத் தொடங்கும். இரண்டுமின்றி ஒரே சீராக 'கர்ர்' என்று இரைந்தால் ஏதோ ஒரு பேரிங். நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் ஆகியவற்றின் சுழலாத உடல் பகுதியில் வைத்து, பிடியைக் காதெலும்பில் அழுத்திக் கேட்டால் எது என்று தெரிந்துவிடும். பெல்ட்டில் சோப்பு தேய்ப்பது, மெழுகு தடவுவது போன்ற பழைய கைவைத்தியங்கள் சத்தத்தை இரண்டு நாள் மறைப்பதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை.

வண்டி நகரும் முதல் கணத்தில் பின்சக்கரத்தில் 'டப்' என்று விடுபடும் ஓசை, ஈரத்தில் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொண்டதன் விளைவு. பனி இரவுகளில் ஹேண்ட் பிரேக்கை நம்பாமல், சமதளத்தில் நிறுத்தி, கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்தால் இது வராது. அடுத்த சில பிரேக்குகளில் 'சரசர' என்று உரசுவது டிஸ்க்கில் ஒரே இரவில் படிந்த மெல்லிய துரு. சிறிது தூரத்துக்குள் துடைத்துக்கொண்டு போய்விடும். போகாமல் இரும்போடு இரும்பு உரசுவதுபோல் நீடித்தால் பிரேக் பேட் தீர்ந்திருக்கிறது.

வேகத்தடை ஏறும்போது கட்டில் முனகுவதுபோல் 'கிறீக்' என்று கேட்பது விறைத்துப்போன ரப்பர் புஷ். வண்டியை நிறுத்திவிட்டு ஒவ்வொரு மூலையையும் கையால் அழுத்தி விட்டால் எந்தப் பக்கம் என்று புரியும். வெயில் ஏறியதும் மறைந்தால் அவசரமில்லை. சிலிக்கான் ஸ்ப்ரே போதும், என்ஜின் ஆயிலோ டீசலோ ஊற்றினால் ரப்பர் உப்பிக் கெட்டுவிடும். வெயிலிலும் 'லொடலொட' என்று தொடர்ந்தால் சஸ்பென்ஷன் பாகங்களான ஸ்டெபிலைசர் லிங்க் ராட், லோயர் ஆர்ம் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கியர் பாக்ஸைப் பொறுத்தவரை, நியூட்ரலில் இரைச்சல் கேட்டு, கிளட்ச்சை மிதித்ததும் நின்றால் கியர் பாக்ஸின் முன்பக்க பேரிங். மிதிக்கும்போது மட்டும் வந்தால் கிளட்ச் ரிலீஸ் பேரிங். ஓட்டத் தொடங்கி ஒரு கிலோமீட்டர் வரை இரண்டாவது கியர் முரண்டு பிடிப்பது கெட்டியான கியர் ஆயிலின் வேலை.

இவ்வளவுக்குப் பிறகும் பிடிபடவில்லை என்றால், முந்தைய நாள் மாலையே வண்டியை உள்ளூர் ஒர்க்‌ஷாப்பில் விட்டு, இரவு வெளியிலேயே நிற்கட்டும் என்றும், காலையில் அவரே இருக்கும்போது மட்டும் கிளப்பும்படியும் மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவரிடம் "பெல்ட்டை மாத்துங்கண்ணே" என்று முடிவைச் சொல்வதைவிட, "கிளப்பின உடனே வருது, ரெண்டு நிமிஷத்துல நிக்குது, லைட் போட்டா கூடுது" என்று நடந்ததைச் சொல்லி, ஒலிப்பதிவையும் போட்டுக் காட்டினால் வேலை பாதி குறைந்துவிடும். ஆயில் விளக்கு அணையாத வண்டியையும், சூட்டில் அடிப்பக்கம் தட்டும் வண்டியையும், பிரேக்கில் இரும்பு உரசும் வண்டியையும் மட்டும் குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கத் துணிய வேண்டாம். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், அல்லது இழுவை வண்டியில் ஏற்றி அனுப்புங்கள்.