பறக்கும் வள்ளம் வேண்டுமென்றால் தண்ணீரைக் கேளுங்கள்

கிளிநொச்சியில் கைத்தொலைபேசி திருத்தும் சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறேன். கடையைப் பூட்டிச் சாப்பிட்டு, பத்து மணிக்குப் பிறகு விமானம் ஓட்டுவேன். கணினியில்தான். நாலு வருடமாக எனக்கு ஒரே ஆசை: தண்ணீரில் எழும்பி தண்ணீரிலேயே இறங்குகிற பழைய பெரிய விமானம் ஒன்று, ஒழுங்காகச் செய்யப்பட்டது, என் சிமுலேட்டரில் வேண்டும். மிதவை பூட்டிய சின்னச் செஸ்னா விமானம் இல்லை. உடம்பே படகாக இருக்கிற விமானம், அதாவது பறக்கும் படகு.

ஏன் இந்த ஆசை என்று கேட்பவர்களுக்கு: வன்னியில் என் வயதுக்காரருக்கு விமானம் என்றால் குண்டு போடுகிற கிபிர், இல்லாவிட்டால் உளவு பார்க்கிற வண்டு. சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடவேண்டும். ஆறுதலாகப் பறக்கிற, ஜன்னலால் எட்டிப் பார்க்கிற, வந்து குளத்தில் குந்துகிற விமானம் ஒன்று இருந்தது என்று தெரிய வந்தபோது எனக்கு வயது இருபது தாண்டியிருந்தது. அவ்வளவுதான் காரணம்.

முதலில் நான் விட்ட பிழையைச் சொல்கிறேன். சிமுலேட்டர் விமானங்கள் செய்கிற ஒரு நிறுவனத்துக்கு மூன்று வரியில் எழுதினேன்: சண்டர்லான்ட் என்ற பழைய பறக்கும் படகு வேண்டும், தயவுசெய்து செய்யுங்கள், நன்றி. பதில் இல்லை. கோபம் வந்தது. இப்போது யோசித்தால், கடைக்கு வந்து “போன் வேலை செய்யுதில்லை” என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்கிற ஆளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

ஆகவே கேட்பதற்கு முன் இருப்பதைப் பாருங்கள். மைக்ரோசொப்ட் பிளைட் சிமுலேட்டரின் 40ஆவது ஆண்டுப் பதிப்பு 2022 நவம்பரில் வந்தது. அதில் குரும்மன் கூஸ், ஹியூஸ் எச்-4 ஹெர்குலிஸ் என்று இரண்டு பறக்கும் படகுகள் இருக்கின்றன. கூஸுக்குச் சில்லும் உண்டு, பழகுவதற்கு நல்ல பிள்ளை. எச்-4 எட்டு எஞ்சின் பூட்டிய மர மலை. நிஜத்தில் அது 1947 நவம்பர் 2ஆம் திகதி ஒரே ஒரு தடவை, அரை நிமிடம்கூட இல்லை, எழும்பியது. அதை எங்கள் இரணைமடுக் குளத்தில் இறக்கலாம். பிறகு எழுப்புவது உங்கள் பாடு. காசில்லாதவர்களுக்கு பிளைட்கியர் என்ற சிமுலேட்டர் இருக்கிறது, முழுக்க இலவசம், பழைய மடிக்கணினியிலும் ஓடும். காட்டலினா, ஷோர்ட் எம்பயர் என்ற இரண்டு பழைய பறக்கும் படகுகளையும் அதற்கு யாரோ ஆசைப்பட்டுச் செய்து வைத்திருக்கிறார்கள்.

எம்பயரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். பிரித்தானிய விமான நிறுவனமான இம்பீரியல் எயார்வேய்ஸுக்காக 1936இல் முதல் எம்பயர் பறந்தது. நாலு எஞ்சின். பயணிகள் எழும்பி நடந்து ஜன்னலோரம் நின்று வெளியே பார்க்கத் தனி இடம் இருந்தது. மொத்தம் 42 கட்டினார்கள், இன்று ஒன்றுகூட மிச்சமில்லை. போயிங் 314 என்ற அமெரிக்கப் பறக்கும் படகின் கதை இன்னும் மோசம்: 12 கட்டினார்கள், 12உம் போய்விட்டன. அருங்காட்சியகத்துக்குப் போய்த் தொட்டுப் பார்க்க வழியே இல்லாத விமானங்கள் இவை.

சரி, இருப்பதில் ஒன்றை எடுத்துவிட்டீர்கள். இப்போது தண்ணீரைச் சோதியுங்கள். சிமுலேட்டரில் நீலமாகத் தெரிகிறதெல்லாம் தண்ணீர் இல்லை. சில குளங்கள் வெறும் படம், இறங்கினால் தரையில் உரசி நிற்பீர்கள். வேறு சிலதில் தண்ணீர் சரிவாக நிற்கும், ஒரு கரை உயரம், மறுகரை பள்ளம். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் மூன்றையும் முதலில் சின்ன விமானத்தில் இறங்கிப் பாருங்கள். சில சிமுலேட்டர்கள் நீர்நிலைகளின் எல்லையை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்திலிருந்து எடுக்கின்றன. அந்த வரைபடத்தை நீங்களே திருத்தலாம். உங்கள் ஊர்க் குளம் அதில் இல்லையென்றால் ஒரு பின்னேரம் உட்கார்ந்து கரையை ஒழுங்காக வரைந்து விடுங்கள். அடுத்த தடவை நிலக்காட்சியைப் புதுப்பிக்கும்போது அதுவும் வரக்கூடும். நந்திக்கடலில் நான் இறங்குவதில்லை.

அடுத்ததுதான் முக்கியமான சோதனை: வள்ளம் வள்ளம்போல நடந்துகொள்கிறதா?

எனக்கு இது விளங்கியது சித்தப்பாவால். அவர் முல்லைத்தீவில் பைபர் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர், விமானத்தில் ஏறியதே இல்லை. ஒருநாள் கடைக்கு வந்தவர் எனக்குப் பின்னால் கதிரை போட்டு இருந்துவிட்டார். நான் காட்டலினாவை இரணைமடுவில் எழுப்பப் பார்க்கிறேன். எஞ்சின் முழுக்கக் கொடுத்தாயிற்று, ஜோய்ஸ்டிக்கை வயிறுவரைக்கும் இழுத்துப் பிடித்திருக்கிறேன். மூக்கு வானம் பார்க்கிறது, வேகம் ஏறவில்லை, மறுகரைப் பற்றைகள் கிட்ட வருகின்றன.

“ஏன்ரா தம்பி மூக்கைத் தூக்கிக்கொண்டு போறாய்? அது உழுதுகொண்டெல்லோ போகுது. விடு, பின்பக்கம் எழும்பட்டும்.”

விட்டேன். மூக்குத் தாழ்ந்தது, விமானம் தண்ணீருக்கு மேல் வழுக்கத் தொடங்கியது, வேகமுள் சட்டென்று ஏறியது. 70 நொட் வேகத்துக்குக் கிட்ட மெதுவாக இழுத்தேன். எழும்பிவிட்டது. சித்தப்பா ஒன்றும் பெரிதாக மெச்சவில்லை. வெளியிணைப்பு எஞ்சின் பூட்டிய எந்த வள்ளமும் அப்படித்தான் எழும்பி ஓடும் என்றார்.

இதன் சூட்சுமம் விமானத்தின் அடிவயிற்றில் இருக்கிறது. பறக்கும் படகின் அடிப்பாகம் நடுவில் படிக்கட்டுப்போல ஓரிடத்தில் உடைந்து மேலேறும். வேகம் கூடும்போது பின்பாதி தண்ணீரை விட்டு விலகி, அந்தப் படிக்கு முன்னால் உள்ள சின்னத் துண்டில் மட்டும் விமானம் ஓடும். படி இல்லாவிட்டால் தண்ணீர் அடியைப் பிடித்து உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆகவே தொடக்கத்தில் முழுக்க இழுங்கள், மூக்கு எழும்பி உச்சிக்கு வந்ததும் நடுவுக்குக் கிட்ட விடுங்கள். அதிகம் தள்ளினால் ஓங்கில் (டொல்பின்) மாதிரித் துள்ளத் தொடங்கும். இரண்டாவது துள்ளலிலேயே எஞ்சினைக் குறைத்து, இழுத்துப் பிடித்து, முதலிலிருந்து தொடங்குங்கள். சமாளிக்கலாம் என்று நினைத்து நான் இரண்டு காட்டலினாவை உடைத்திருக்கிறேன்.

நல்ல சிமுலேட்டர் விமானத்தில் இந்த உழுதல், எழும்புதல், துள்ளல் எல்லாம் இருக்கும். கெட்டதில் சில்லைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் வைத்தமாதிரி நேரே ஓடி எழும்பும். என் மூன்று வரிக் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இருக்கவில்லை. எத்தனை அழகாக வெளித்தோல் செய்து தந்தாலும், தண்ணீரும் அடிவயிறும் சரியில்லையென்றால் எனக்கு அது தேவையில்லை. இதைத்தான் முதல் பந்தியில் எழுதவேண்டும்.

அதன் பிறகு எந்த வகை என்று துல்லியமாகச் சொல்லுங்கள். “காட்டலினா” என்றால் போதாது. பிபிவை-5 சுத்தமான படகு, பிபிவை-5ஏ சில்லுள்ளது. எஞ்சினைக் கூட்டிக் குறைக்கிற திரொட்டில் தலைக்கு மேலே தொங்கவேண்டும், இறக்கைநுனி மிதவைகள் மடங்கி நுனியாகவே மாறவேண்டும், எஞ்சின்காரர் இறக்கையைத் தாங்கும் தூணுக்குள் இருக்கவேண்டும், பிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்குகிற தகடு) இருக்கவே கூடாது என்று எழுதுங்கள். உண்மையான காட்டலினாவில் பிளாப் கிடையாது, அதை வைத்துவிட்டால் செய்தவர் படம் பார்த்துச் செய்தார் என்று தெரிந்துவிடும். பழைய விமானிக் கையேட்டின் பக்கங்களைச் சேர்த்து அனுப்புங்கள்.

எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். எங்களிடம் சொல்ல நிறைய இருக்கிறது. 1942 ஏப்ரல் 4ஆம் திகதி தெற்கே கொக்கலையிலிருந்து போன கனடியக் காட்டலினா ஒன்றுதான் இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பியது. விமானி லியனார்ட் பேர்ச்சல். விமானத்தைச் சுட்டு வீழ்த்தினார்கள், அவர் சிறைப்பட்டார். அடுத்த வருடம் குவான்டஸ் விமான நிறுவனம் அதே கொக்கலைக்கும் அவுஸ்திரேலியாவின் பேர்த்துக்கும் இடையில் காட்டலினா ஓட்டத் தொடங்கியது. 27 தொடக்கம் 33 மணித்தியாலம், வானொலி மௌனம், நட்சத்திரம் பார்த்து வழி. எரிபொருள் பாரத்தால் பயணிகள் மூன்று பேர்தான். ஒரே பயணத்தில் இரண்டு தரம் சூரியன் உதிப்பதைப் பார்த்தார்கள்.

எனக்கு அவ்வளவு பொறுமையில்லை, கரண்டும் போகும். என் ஓட்டம் இது: ஆடி மாதத்தில் சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும்போது இரணைமடுக் குளக்கட்டை முதுகுக்கு வைத்துத் தென்மேற்கே எழும்புங்கள். கிழக்கே திரும்பி முல்லைத்தீவுக் கரை, பிறகு கடலோரமாகத் தெற்கே நாயாறு, கொக்கிளாய், கடைசியில் திருகோணமலைத் துறைமுகத்தில் சீனன்குடாப் பக்கம் இறங்குங்கள். 130 கிலோமீற்றர் அளவு, முக்கால் மணித்தியாலத்துக்குள் முடியும். ஆயிரம் அடிக்கு மேல் போகாதீர்கள், போனால் பார்க்க ஒன்றுமில்லை.

விடியப்புறம் இறங்குகிறீர்கள் என்றால் கவனம். காற்றில்லாத தண்ணீர் கண்ணாடிபோல இருக்கும், உயரம் பிடிபடாது. கண்ணை நம்பாமல், மூக்கைக் கொஞ்சம் தூக்கி, எஞ்சினைக் கொஞ்சம் விட்டு, நிமிடத்துக்கு 150 அடிபோல இறங்கும்படி வைத்துவிட்டுக் கையை அசைக்காமல் காத்திருங்கள். கரையோரமாக இறங்கினால் மரங்கள் உதவும். தொட்டதும் எஞ்சினை எடுங்கள். பிரேக் இல்லை என்பதை ஞாபகம் வையுங்கள். தண்ணீரில் திரும்ப ஒருபக்க எஞ்சினைக் கூட்டவேண்டும், விட்டால் மூக்குத் தானாகக் காற்றுக்கு எதிரே திரும்பும்.

அன்று சீனன்குடாவில் இறங்கி எஞ்சின் இரண்டையும் நிறுத்தினேன். சித்தப்பா இன்னும் பின்னால் இருந்தார். விமானம் மெதுவாகக் கரைப்பக்கம் அள்ளுண்டு போய்க்கொண்டிருந்தது.

“நங்கூரம் எங்கை?” என்றார்.

தேடினேன், இல்லை. புதுக் கடிதத்தில் அது இரண்டாவது பந்தி.